வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபின் இன்சூரன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளங்களை முழுக்காட்டியது. அடுத்த இரண்டு வாரத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் எழும் கேள்விகள் ஒன்றேதான். "பாலிசி இருக்கிறது, பணமும் வந்தது, ஆனால் சேதத்தில் கால்வாசிக்குக்கூடக் காணாது" என்பதுதான் அதில் பெரிய குறை. கீழே உள்ள பதில்கள் இந்தியாவில் விற்கப்படும் வீட்டுப் பாலிசிகளை வைத்து எழுதியவை.

என் பாலிசியில் வெள்ளம் அடங்குமா?

பெரும்பாலும் அடங்கும். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கென்று 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே வாசகம் கொண்ட பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. கம்பெனி எதுவானாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். புயல், வெள்ளம், நீர் சூழ்தல், நிலச்சரிவு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தல் அல்லது நிரம்பி வழிதல் எல்லாம் இதில் உண்டு. அதிகம் பேர் கவனிக்காத ஒன்றும் உண்டு: இப்படி ஒரு சம்பவம் நடந்து 7 நாளுக்குள் வீட்டில் திருட்டு நடந்தால் அதுவும் அடங்கும். வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் பாலிசியின் பெயர் வேறாக இருந்தால் முழு வாசகத்தையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். கையில் இருக்கும் இரண்டு பக்க அட்டவணையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சுவரில் ஈரம் ஊறுகிறது, மாடியிலிருந்து கசிகிறது. இதற்குக் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. நாள்பட்ட ஈரம், தேய்மானம், பராமரிப்புக் குறைவு எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்பதுதான் எல்லாக் கம்பெனிகளின் நிலை. குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஒரு சம்பவம் நடந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பலருடைய கிளெய்ம் முதல் போன் காலிலேயே விழுந்துவிடுகிறது. மேல்தொட்டிக் குழாயின் இணைப்பு பிடுங்கிக்கொண்டு ராத்திரி முழுக்க ஹாலில் தண்ணீர் நின்றிருக்கும். வாடிக்கையாளர் சேவையில் பேசும்போது "லீக்கேஜ் ஆயிடுச்சு" என்று சொல்லி வைப்பார்கள். எதிர்முனையில் 'கசிவு' என்று பதிவாகும். பிறகு அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பொய் சொல்ல வேண்டியதில்லை. என்ன நடந்ததோ அதை நேரத்தோடு சொல்லுங்கள்: "நேற்று இரவு குழாய் இணைப்பு விட்டுப்போய் வீட்டுக்குள் நான்கு அங்குலம் தண்ணீர் நின்றது." போனில் சொன்னதையே உடனே மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

உடைந்த குழாயை மாற்றும் செலவு?

அதற்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள், பழைய குழாய் தேய்ந்து உடைந்தது என்பார்கள். அதிலிருந்து வந்த தண்ணீர் கெடுத்த பொருள்களுக்கும் தரைக்கும் சுவருக்கும்தான் கிளெய்ம்.

வீட்டுப் பொருள்களுக்கு எவ்வளவு வரை?

பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்திருந்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை பொதுவான வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. உச்சவரம்பு 10 லட்சம். கட்டடம் 40 லட்சத்துக்கு என்றால் பொருள்களுக்கு 8 லட்சம். பட்டியல் கொடுக்காமலே இவ்வளவு. அதற்கு மேல் வேண்டுமானால் விவரம் கொடுத்து எடுக்க வேண்டும். நகைக்குத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. ரொக்கம், பத்திரங்கள், வாகனம் வராது.

இன்னொன்று, பழைய பாலிசிகளில் 'குறைவாகக் காப்பீடு செய்தீர்கள்' என்று சொல்லி விகிதப்படி வெட்டுவார்கள். வீட்டில் 10 லட்சத்துக்குப் பொருள் இருக்க, 4 லட்சத்துக்கு மட்டும் எடுத்திருந்தால், 2 லட்சம் சேதத்துக்கு 80 ஆயிரம்தான் கைக்கு வரும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது. எடுத்த தொகைக்கு உட்பட்டு முழுச் சேதமும் தர வேண்டும். இந்த விதி தெரியாமல், விகிதம் போட்டுக் குறைத்த கடிதத்தை அப்படியே ஒப்புக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் வடிந்ததும் முதலில் என்ன செய்வது?

மெயின் சுவிட்சை அணைத்தபடியே வைத்திருங்கள். உயிருக்காக மட்டும் சொல்லவில்லை. ஈரத்தோடு பிரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ போட்டுப் பார்த்து ஷார்ட் சர்க்யூட் ஆனால், "இது வெள்ளச் சேதமில்லை, மின்கோளாறு" என்று சொல்ல வழி கிடைத்துவிடும். மின்கோளாறு விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

அடுத்தது படம். துடைப்பத்தை எடுப்பதற்கு முன் போனை எடுங்கள். வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாக, நிறுத்தாமல் ஒரு வீடியோ. அப்புறம் சுவரில் தண்ணீர் நின்ற கோடு. சேற்றுக் கோடு இரண்டு நாளில் வெளிறிவிடும், வெள்ளை அடித்தால் போயே போய்விடும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை இஞ்ச் டேப்பைப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி ஒவ்வொரு அறையிலும் ஒரு படம் எடுங்கள். பிற்பாடு "மெத்தை நனைய வாய்ப்பில்லையே" என்று யாராவது கேட்டால், கட்டில் உயரம் 18 அங்குலம், தண்ணீர் 26 அங்குலம் என்று காட்ட இந்த ஒரு படம் போதும்.

மின்சாதனங்களில் பின்பக்கமோ கதவின் உள்பக்கமோ ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண் ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். சகதியில் ஊறினால் அது உரிந்து வந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த கையோடு கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள். கிளெய்ம் படிவத்தை, சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தர வேண்டும். திருட்டும் இருந்தால் காவல் நிலையத்தில் புகார்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை வீட்டைச் சுத்தம் செய்யக் கூடாதா?

தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்று பாலிசியே சொல்கிறது. பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்த கூலி, குப்பை அள்ளிய கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். இடிபாடு, குப்பை அகற்ற கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை பாரத் கிருஹ ரக்ஷாவில் இடமுண்டு.

கெட்ட பொருளைத் தூக்கி எறிவதுதான் ஆபத்து. ஊறிப்போன மெத்தை நாறும், உண்மைதான். மொட்டை மாடியிலோ பார்க்கிங் ஓரத்திலோ போட்டு வையுங்கள். முடியவே முடியாவிட்டால் படம் எடுத்து, "சுகாதாரக் காரணத்தால் இன்று அப்புறப்படுத்துகிறேன், வேண்டுமானால் மாலைக்குள் வந்து பாருங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு எறியுங்கள். பழைய இரும்புக்காரருக்கு அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

சர்வேயர் யார் பக்கம்?

ஐஆர்டிஏஐ உரிமம் பெற்றவர், சுதந்திரமாக மதிப்பிட வேண்டியவர். ஆனால் அவரை நியமிப்பதும் அவருக்குக் கட்டணம் தருவதும் கம்பெனி. இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசுங்கள். வெள்ளக் காலத்தில் ஒரே நாளில் பல வீடுகளைப் பார்த்துக்கொண்டு வருவார், உங்கள் வீட்டில் அரைமணி நேரம் இருந்தால் அதிகம். அறைவாரியாக எழுதிய பட்டியலை அவர் கையில் கொடுத்துவிட்டால் அவர் தாளில் உங்கள் பட்டியல் ஏறும். கொடுக்காவிட்டால் அவர் கண்ணில் பட்டது மட்டும் ஏறும். அவர் கிளம்பியதும், "இன்று நீங்கள் பார்த்தவை இவை, பீரோவின் உள்தட்டும் பரணுக்குக் கீழ் இருந்த இன்வெர்ட்டரும் பார்க்க நேரமில்லை" என்பதுபோல ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

பில் எதுவும் இல்லை, எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. என்ன செய்வது?

வங்கிக் கணக்கு விவரம், கார்டு ஸ்டேட்மென்ட், ஆன்லைன் கடைகளின் பழைய ஆர்டர் பட்டியல், கடைக்காரரிடம் மறுநகல், சர்வீஸ் சென்டரில் பதிவான வாரண்டி என்று எதுவும் ஆதாரம்தான். பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் பின்னால் டிவி தெரிந்தால் அதுவும்தான். ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2024 ஜூன் மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. "பில் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

கேட்டதில் பாதிகூட வரவில்லை. எங்கே குறைந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சர்வே அறிக்கையின் நகலைக் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும். மொத்தத் தொகையைப் பார்த்துச் சண்டை போடுவதில் பயனில்லை. ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் பிடி கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. படுக்கையறையில் 7 அடி உயரம், 6 அடி அகலத்தில் பிளைவுட் வார்ட்ரோப். 42 சதுர அடி. ஆசாரி சதுர அடிக்கு 1,400 ரூபாய் என்று 58,800-க்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறார். தண்ணீர் 2 அடி நின்றது. சர்வேயர் தாளில் இப்படி இருக்கும்: நனைந்த பகுதி 12 சதுர அடி, 16,800 ரூபாய். தேய்மானம் 30 சதவீதம் போக 11,760. பழைய மரத்தின் மதிப்பு 1,000 போக 10,760.

58,800-ஐ 10,760 ஆக்கியவை மூன்று தனித்தனி முடிவுகள். மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

முதலாவது, நனைந்த அளவு. பக்கப் பலகைகள் தரையிலிருந்து மேல்வரை ஒரே துண்டு. அடியில் 2 அடி வெட்டி ஒட்டுப்போட்டால் சுமை தாங்காது, கதவும் நேராக நிற்காது. இதை நீங்கள் சொன்னால் புலம்பல், ஆசாரி தன் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆதாரம். கூடவே பலகை உப்பி, லேமினேட் எழும்பி நிற்கும் படம்.

இரண்டாவது, தேய்மானம். பாரத் கிருஹ ரக்ஷாவில் பொருள்களுக்கு அடிப்படை, பழுதுபார்க்கும் செலவு அல்லது அதே போன்ற பொருளை மாற்றி வைக்கும் செலவு. 30 சதவீதம் கழித்திருந்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்று கேளுங்கள். சில பழைய பாலிசிகளில் அப்படி ஒரு விதி இருக்கக்கூடும், அப்போது சதவீதம் நியாயமா என்பது மட்டும்தான் பேச்சு.

மூன்றாவது, பழைய மரத்தின் மதிப்பு. 1,000 ரூபாய்க்கு மல்லுக்கட்ட வேண்டாம். "அந்த விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் சில சமயம் அந்த வரியே மறைந்துவிடும்.

மின்சாதனங்களில் தகராறு எப்போதும் 'சரிபண்ணலாமா, மாற்ற வேண்டுமா' என்பதில். கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் 'தண்ணீர் புகுந்ததால் பழுது' என்று காரணமும், சரிசெய்ய முடியுமா முடியாதா என்பதும் எழுதி வாங்குங்கள். தெருமுனை மெக்கானிக் திறமைசாலியாகவே இருக்கலாம், ஆனால் அவர் துண்டுச்சீட்டு செல்லுபடியாவது கஷ்டம்.

பெயின்டில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மூன்றடி நனைந்ததற்கு மூன்றடிக்கு மட்டும் பணம் என்று சர்வேயர் போட்டால் மறுத்துப் பேசலாம், எந்தப் பெயின்டரும் பாதிச் சுவரில் நிறுத்தமாட்டார். அந்த அறையின் நனைந்த சுவர்களுக்கு மூலைக்கு மூலை கேளுங்கள். முதல் மாடிக்கும் சேர்த்துக் கேட்டீர்களானால், நியாயமான வரிகளையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவார்கள்.

ஆட்சேபத்தை எப்படி எழுதுவது?

சுருக்கமாக. ஒரு வரி போதும் என்றால் ஒரு வரி. உதாரணமாக: "கிளெய்ம் எண் இன்னது. சர்வே அறிக்கையின் 4-ஆவது இனத்தில் வார்ட்ரோப்புக்கு 12 சதுர அடி மட்டும் ஏற்கப்பட்டுள்ளது. பக்கப் பலகைகள் ஒரே துண்டு என்பதால் முழுவதும் மாற்ற வேண்டும் என்ற தச்சரின் கடிதமும் படங்களும் இணைத்துள்ளேன். 42 சதுர அடிக்கு மறுமதிப்பீடு செய்யவும், ஏற்காவிட்டால் பாலிசி விதியைக் குறிப்பிட்டுக் காரணத்தை எழுத்தில் தரவும்." கோபம், இத்தனை வருடம் பிரீமியம் கட்டிய கதை, மன உளைச்சல் இவை எதுவும் இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

"சர்வேயர் போட்டதுதான் இறுதி, எங்கள் கையில் இல்லை" என்று கிளையில் சொல்வார்கள். அப்படியில்லை. சர்வேயர் அறிக்கை முக்கியமானது என்றாலும் அதுவே முடிந்த முடிவல்ல, அதிலிருந்து விலகலாம் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எத்தனை நாளில் முடிக்க வேண்டும்?

2024 சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமனம், அதிலிருந்து 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்து 7 நாளில் கம்பெனியின் முடிவு. ஊரே மூழ்கிய நேரத்தில் தள்ளிப்போகும். ஆனாலும் நினைவூட்டும் மின்னஞ்சலில் இந்த நாள்களைக் குறிப்பிடுங்கள்.

தாமதமாகத் தகவல் சொன்னேன் என்று நிராகரித்துவிட்டார்கள்.

கரண்ட் இல்லை, டவர் இல்லை, படகில் வெளியேறினோம் என்றால் அதுவே தக்க காரணம். அந்தத் தேதிகளில் உங்கள் பகுதி நிலவரம் பற்றிய செய்தித்தாள் துணுக்கு, தங்கியிருந்த இடத்தின் ரசீது இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். உண்மையான கிளெய்மைத் தாமதத்தைக் காட்டி இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு வாகனத் திருட்டு வழக்கில் சொன்னது.

பணம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் 'முழுமையான, இறுதித் தீர்வு' என்று போட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் அவ்வளவுதானா?

இல்லை. வவுச்சரில் கையெழுத்திட்டதைக் காட்டி, கூடுதல் தொகை கேட்கும் உரிமையைத் தடுக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2015-லேயே சுற்றறிக்கை விட்டது. ஆனால் நடைமுறையில், மனமொப்பிக் கையெழுத்திட்டார் என்று கம்பெனி தரப்பில் வாதம் வைப்பார்கள். எனவே "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துக்கு மேல் எழுதுங்கள். எழுத விடாவிட்டால், அல்லது ஆன்லைனில் ஒரு பட்டனை அமுக்கச் சொன்னால், அன்றைக்கே அதையே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் அதன் பலம் பாதியாகிவிடும்.

கம்பெனி மசியவில்லை. அடுத்து எங்கே?

முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரி. பெயரும் மின்னஞ்சலும் கம்பெனி இணையதளத்தில் இருக்கும். 14 நாளில் பதில் வர வேண்டும். ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்தால் புகார் கம்பெனிக்கே திரும்பிப் போகும், ஆனால் ஆணையத்தின் கண் படும் என்பதால் கொஞ்சம் வேகம் பிடிக்கும்.

அதற்கு மேல் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்பவர். என்னைக் கேட்டால் வீட்டுச் சேதத்துக்கு இதுதான் நல்ல வழி. கட்டணம் இல்லை, வக்கீல் கூடாது, 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம், தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் இருக்கிறது. கம்பெனி நிராகரித்தாலோ, கொடுத்த பதில் திருப்தியில்லாமல் இருந்தாலோ, ஒரு மாதமாகியும் பதிலே வராவிட்டாலோ அதிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். விசாரணையில் நீங்களே பேசுவீர்கள். இஞ்ச் டேப் படமும் ஆசாரி கடிதமும் வரிவாரியான ஆட்சேபமும் கையில் இருந்தால் பேச அதிகம் தேவைப்படாது.

நுகர்வோர் ஆணையமும் உண்டு, இரண்டு ஆண்டுக்குள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எந்த ஆணையம் என்ற வரம்பு, நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான் என்பதால் வீட்டுக் கிளெய்ம்கள் மாவட்ட ஆணையத்திலேயே அடங்கிவிடும். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் இங்கே கேட்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். அங்கே வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் அதே புகாரை எடுக்கமாட்டார், ஆகவே வரிசையை யோசித்துப் போங்கள்.

மேல்வீட்டுக்காரர் குழாயைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். யாரிடம் கேட்பது?

உங்கள் பாலிசியில் கேளுங்கள். பணம் கொடுத்த பிறகு கம்பெனி வேண்டுமானால் அவரிடம் வசூலிக்கட்டும், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. அதனால் இடையில் மேல்வீட்டாரோடு "சரி, போகட்டும்" என்று எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சங்கச் செயலாளரைக் கூப்பிட்டுத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொல்லி, ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்கடன் கொடுத்த வங்கியே பாலிசி எடுத்திருக்கிறது. அது போதாதா?

எடுத்துப் பாருங்கள். பல சமயம் கட்டடத்துக்கு மட்டும், அதுவும் கடன் தொகை அளவுக்குத்தான் இருக்கும். கட்டடச் சேதத் தொகை முதலில் வங்கிக்குப் போகும் என்ற விதியும் இருக்கும். அப்படியானால் பழுதுபார்க்க அந்தப் பணத்தை விடுவிக்கக் கேட்டு வங்கிக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறேன்.

பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். சுவரும் தரையும் வீட்டுக்காரர் கவலை.

பார்க்கிங்கில் இருந்த கார்?

வீட்டுப் பாலிசியில் வராது, வாகனப் பாலிசியில் கேட்க வேண்டும். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், எஞ்சின் பாதுகாப்பு தனியாக எடுக்காதவர்களுக்கு அந்த ஒரு சாவித் திருப்பலில் எஞ்சின் கிளெய்ம் போய்விடும். லாரியில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.